நாற்றமே இல்லாத ஆம்பூர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதனால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. எழுதினால்தான் உண்டு.

2020 ஜூன் மாதம். இரண்டு மாதத்துக்கு மேல் அடங்கிக் கிடந்த ஊரில் பஸ் விட ஆரம்பித்திருந்தார்கள். ஆம்பூரில் நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். "பாதி ஆளுக்குத்தான் பர்மிஷன் மணி. நாளிக்கி வந்தா உன் எடம் உனுக்கு. வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க." அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் உடம்புவலி இருந்தது. ஏரி வேலைக்குப் போன அலுப்பு என்று மாத்திரை போட்டேன். சரியாகிவிட்டது. வருகிறேன் என்று சொன்னேன்.

காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் கலவையில் பஸ் ஏறினேன். ஆற்காடு இருபது கிலோமீட்டர் இருக்கும். ஒன்று விட்டு ஒரு சீட்டில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கண்டக்டர் முகக்கவசத்தை இறக்கி, விரலில் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா கத்தினார். "யோவ், எச்சி தொடாதய்யா!"

"பழக்க தோஷம்மா, இன்னா பண்றது?" என்றார் அவர். முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, அதன் மேலேயே விரலை வைத்துத் தேய்த்தார். பஸ்ஸே சிரித்தது. எல்லோரும் சிரித்துப் பல நாள் ஆனதுபோல் இருந்தது.

ஆறரைக்கு ஆற்காட்டில் வேலூர் பஸ் மாறினேன். மேல்விஷாரத்தில் காதர் பாய் ஏறினார். என்னோடு ஒரே ஷெட்டில் வேலை செய்பவர், பதினெட்டு வருடப் பழக்கம். நேராக வந்து என் பக்கத்தில் பெருக்கல் குறியின் மேல் உட்கார்ந்தார்.

"பாய், அது உக்காரக் கூடாத சீட்டு," என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பேரும் ஒரே டிரம்முல தோல் அள்றவங்க. இங்க மட்டும் எட்டி உக்காரணுமா? போப்பா."

அவருக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, ஊரடங்கில், ஆம்பூரில் மாமியார் வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. "இருவது நாளாச்சு மணி. போன்ல பாக்குறதோட சரி. இன்னிக்கி ஷாப் முடிச்சி நேரா போய் தூக்கப் போறேன்." போட்டோக்களைக் காட்டினார். தலையோடு தலை ஒட்டிப் பார்த்தோம். அவர் கொண்டுவந்த பன்னைப் பிட்டுத் தின்றோம். அவர் பாட்டிலில் நான் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தேன்.

மேல்விஷாரத்துத் தோல் ஷாப்புகளைத் தாண்டும்போது முன்சீட்டுப் பெண் முகக்கவசத்தின் மேல் முந்தானையையும் போட்டு அழுத்திக்கொண்டாள். நோய்க்குப் பயம் என்று நினைத்தேன்.

வேலூரில் மீண்டும் பஸ் மாறி, பள்ளிகொண்டா வழியாக ஐம்பது கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு ஆம்பூரில் இறங்கியதும் எனக்கு ஆச்சரியம். எந்த நாற்றமும் இல்லை. ஷாப்புகள் மூடியிருந்ததால் காற்று சுத்தமாகிவிட்டது என்று டிவியில் சொன்னார்களே, உண்மைதான் போல என்று நினைத்தேன். "காத்து எவ்ளோ சுத்தமா கீது பாரு பாய்," என்றேன். அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டே "ஆமாமா" என்றார். வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். நாற்றம் எங்களுக்கு உறைப்பதில்லை, அது காணாமல் போனாலும் நாங்கள் தேடமாட்டோம்.

கேட்டில் வாட்ச்மேன் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டினார். "காய்ச்சல் இல்ல. போ போ."

ஷெட்டில் மூன்றாம் டிரம்மில், ஊரடங்குக்கு முந்தின நாள் ஊறப் போட்ட தோல் அப்படியே கிடந்தது. அழுகிய தோலிலிருந்து வரும் வாயு ஆளைச் சாய்த்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் டிரம் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்று மோந்து பார்த்து, "வா" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கிட்டே வரவேண்டும். எங்கள் ஷெட்டில் அது என் வேலை.

முகக்கவசத்தை இறக்கிவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தேன். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. ஒதுங்கி நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை.

"ஒண்ணியும் இல்ல. வாங்க," என்றேன்.

என் வார்த்தையை நம்பி சூப்பர்வைசரோடு நாலு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பாதி வழியில் குனிந்து வாந்தி எடுத்தார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். காதர் பாய் மட்டும் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வெளியே மூச்சு வாங்கிக்கொண்டே சூப்பர்வைசர் கேட்டார். "மணி, இன்னா ஆளுய்யா நீ? எங்களக் கொல்லப் பாத்தியா? ஊரே நாறுது, உனுக்கு வாசன தெர்லயா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசனை போனால் அதுவும் நோய்க்கு அறிகுறி என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். உடம்புவலி, பன், பாட்டில், பஸ் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தது.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். "ஷாப்ப மறுபடி மூடிருவாங்கய்யா. எல்லாரும் சத்தம் போடாம வீட்டுக்குப் போங்க. மணி, நீயும் போ. காய்ச்சல்தான் இல்லயே."

நான் தலையாட்டினேன். அப்படித்தான் எனக்குப் பழக்கம். காதர் பாய் கேட்டைத் தாண்டிவிட்டார். மாமியார் வீடு அங்கிருந்து இரண்டு தெரு.

"பாய்! கொழந்தையத் தூக்காத!"

கத்தியது நான்தான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காதர் பாய் நின்றார்.

"எனுக்கு வந்திருக்குது பாய். உன் பாட்டில்ல குடிச்சேன். போவாத."

அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. "பத்து வருசம்டா," என்றார். மாமியார் வீட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நானே 108 ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜனங்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள், காலையில் நான் ஏறியதுபோல. பஸ் ஓடினால், கேட் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். மேல்விஷாரத்தில் முந்தானையால் மூக்கை மூடிய அந்தப் பெண் யார், அவள் எப்படி இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு நோய் இருப்பது மறுநாள் உறுதியானது. ஷாப்பை மூடினார்கள். என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நோயாளிகளை வைத்திருந்த முகாமில் படுத்திருந்தபோது காதர் பாய் போன் வந்தது. எடுக்கப் பயந்து, இரண்டாம் தடவை அடித்தபோதுதான் எடுத்தேன்.

"எனுக்கும் கீதாம் மணி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ கத்தலன்னா அன்னிக்கி நேரா போய் மூஞ்சோட மூஞ்சி வச்சிருப்பேன். எதுக்கும் பாத்துறலாம்னு மாமியார் வீட்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. யாருக்கும் இல்லியாம்." இருமினார். "இன்னாடா, அன்னிக்கி ஊருக்கே கேக்குற மாதிரி கத்துன. இப்ப ஒரு வார்த்த பேச மாட்டியா?"

வாய் வரவில்லை. அவரும் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

எழுதி முடித்தது: 2021, தை மாதம் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை.