வெளிச்சம் படாத இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. 1997-இல், பெங்களூர் அல்சூரில், எங்கள் தெரு ஜூலியாவுக்கு நடந்தது. பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். இப்போது சிரிப்பதில்லை.

பிள்ளை பெற்ற பிறகு ஜூலியாவுக்குச் சர்க்கரை வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு படர்தாமரையும் வந்தது. காலில் தொடங்கி இடுப்பு, வயிறு, மார்பு என்று வட்டம் வட்டமாகப் பரவியது. களிம்பு தடவினால் மறையும். நிறுத்தினால் மறு வாரமே எட்டிப் பார்க்கும். மகன் நோயலுக்கு அப்போது பத்து மாதம். அவன் தொடையிலும் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. அவ்வளவுதான், தோல் டாக்டர் சுந்தரராமன் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு முழுக்கக் குணமாகும்வரை பிள்ளையைத் தொடக் கூடாது.

ஜீவனஹள்ளியில் இருக்கும் நாத்தனார் அல்போன்சா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜூலியா அங்கே போகவே இல்லை. பார்த்தால் தூக்காமல் இருக்க முடியாது என்று அவளுக்கே தெரியும். தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து பேசுவதோடு சரி.

"நாற்காலிக் கால புடிச்சிக்கிட்டு எழுந்து நிக்கிறான் ஜூலி!" என்றாள் அல்போன்சா ஒருநாள். மகன் முதல்முதலாக நின்றதைப் பெற்றவள் பார்க்கவில்லை. பூத்துக்குள்ளேயே அழுதாள். பிள்ளையைத் தூக்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் ஒரு புது வழி சொன்னார்.

"மருந்து ஃபங்கஸைக் கொல்லுதும்மா. ஆனா திரும்ப வராம தடுக்கிறது உங்க உடம்போட வேலை. அது சோர்ந்து கிடக்கு. வெளிச்சம் காட்டி எழுப்பிப் பார்க்கலாம். எல்லா டாக்டரும் இதை ஒத்துக்க மாட்டாங்க."

ஜூலியா மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

கிளினிக் மாடியில் இருந்தது அந்தப் பெட்டி. துணி பீரோ அளவு. உள்பக்கம் முழுக்க ஊதா நிற ட்யூப் லைட்டுகள். உடுப்பைக் களைந்து, இருட்டுக் கண்ணாடி மாட்டி, தலைக்கு மேல் இருக்கும் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து நிற்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும், மாலை ஆறு மணிக்கு மேல். நர்ஸ் வள்ளியம்மா வெளியே நின்று கதவைச் சாத்துவாள்.

"கண்ணாடிய மட்டும் கழட்டிடாதம்மா. கண்ணு போயிடும்."

இரண்டு வாரத்தில் தோல் கறுத்தது. அது எல்லோருக்கும் வருவதுதான். கறுத்த இடத்திலெல்லாம் படர்தாமரை அடங்கியது. ஜூலியாவுக்கு உயிர் வந்தது.

மூன்றாவது வாரம் வள்ளியம்மா அவள் காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க மட்டும் ஏம்மா வெளுப்பா இருக்கு?"

முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம், இரண்டு திட்டுகள். வெளிச்சம் படாத தோல். அதற்குள் மட்டும் படர்தாமரை சிவந்து கிடந்தது. ஒவ்வொரு திட்டிலும் ஐந்து விரல் தடங்கள்... பிஞ்சு விரல்கள்.

"கை வச்சிருந்தியா?"

"என் கை மேல கம்பியில இருந்துச்சே..."



அடுத்த வாரம் தொடையில். அதற்கடுத்த வாரம் இடுப்பில். ஏறிக்கொண்டே வந்தது.

"வேணாம்மா, விட்டுடு" என்றாள் வள்ளியம்மா. ஜூலியாவுக்கும் பயம்தான். ஆனால் விட்டால் பிள்ளை கைக்கு வராதே! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வள்ளியம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே ஃபேன் ஓடியது. ம்ம்ம்ம்... கண்ணாடிக்குள் கும்மிருட்டு.

காலில் ஏதோ பட்டது.

முழங்காலைப் பிடித்தது. பிறகு தொடையை...

இடுப்பில் ஒரு பாரம் ஏறியது. ஜூலியாவின் கை கம்பியை விட்டுத் தானாக இறங்கியது. பிள்ளையைத் தூக்கிப் பழகிய கை அல்லவா! தாங்கிக்கொண்டது. அந்தப் பாரம் மார்போடு ஒட்டியது. கழுத்தில் ஈர மூச்சு. அவளுக்குச் சுகமாக இருந்தது. எத்தனை நாள் ஆயிற்று!

அப்புறம்தான் உறைத்தது. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே யாரும் வர முடியாது.

"சீ, போ!"

பிய்த்து எறிந்தாள்.

தொப்...

அழுகை இல்லை.

வள்ளியம்மா ஓடிவந்து கதவைத் திறந்தாள். பெட்டிக்குள் ஜூலியாவைத் தவிர யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு இருபது.

அதோடு ஜூலியா அந்த மாடிப்படி ஏறவில்லை. மிச்சமிருந்த வட்டங்கள் மாத்திரையிலேயே அடங்கின. மூன்று வாரம் கழித்து, "இனிமே பிள்ளையைத் தூக்கலாம்" என்றார் டாக்டர். ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளிக்குப் பறந்தாள்.

நோயல் அல்போன்சாவின் இடுப்பில் இருந்தான். அல்போன்சாவின் முகம் சரியில்லை.

"கோச்சுக்காத ஜூலி. மாதா சத்தியமா, பிள்ளைய நான் வெயில்ல விடவே இல்ல. ஆனா இத பாரு."

அவன் சட்டையைத் தூக்கினாள். முதுகு கன்னங்கரேலென்று இருந்தது. பின்கழுத்தும் புறங்கைகளும் அப்படியே. வயிறு, மார்பு, உள்ளங்கை மட்டும் பழைய நிறத்தில் இருந்தன.



"எப்போலேர்ந்துக்கா?"

"அது ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. செவ்வா, வெள்ளி சாயங்காலமானா கட்டையாட்டம் தூங்குவான். எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டான். மூணு வாரம் முன்னாடி வெள்ளிக்கிழமை, தூங்கிட்டிருந்தவன் தொட்டில்லேர்ந்து தொப்புனு வந்து விழுந்தான். தொட்டில் ஆடக்கூட இல்ல ஜூலி. யாரோ தூக்கி எறிஞ்சாப்பல..."

"எத்தன மணிக்கு?"

"ஆறு மணி கோயில் மணி அடிச்சு, ஒரு இருபது நிமிஷம் இருக்கும்."

ஜூலியா பிள்ளையின் அருகே போனாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாடா கண்ணு... அம்மாகிட்ட வா."

நோயல் அவளைப் பார்த்தான். அழவில்லை. அல்போன்சாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான்.