அண்ணாந்து குடிப்பவர்கள்

“செவ்வாய். தம்பிக்குத் தனி டம்ளர் வாங்கினேன். அடையாளத்துக்கு அடியில் ஆணியால் கீறியாயிற்று.” என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. முந்தின நாள் குறிப்பில் டாக்டர் சொன்னதும் இருக்கிறது: ஹெபடைடிஸ் சி இரத்தத்தின் வழியாகப் பரவுவது, டம்ளரால் பரவாது. இரண்டும் என் கையெழுத்துதான். எழுதுகிறவன் தன் குறிப்பைப் படித்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை போலும்.

தம்பியின் குடலிறக்க அறுவைக்காக எடுத்த பரிசோதனையில்தான் அவனுக்கு அது இருப்பது தெரிந்தது. தம்பி போதை ஊசி போட்டுவந்ததும் அன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடம், பாப்பிரெட்டிப்பட்டிக் கூட்டாளி ஒருவனோடு, ஒரே சிரிஞ்சில். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்ற டாக்டர், “கூடப் போட்டவரையும் கூட்டிட்டு வாங்க. வெளிய தெரியாமலே ஈரல் கெட்டுப்போயிரும்” என்றார்.

அடுத்த வார ஞாயிறன்று அந்தக் கூட்டாளியே தம்பியைப் பார்க்க வந்தான். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து, உதடு படாமல் அண்ணாந்து குடித்தான்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணா. காமாலை வந்த வூட்டுல தண்ணி குடிக்கறதில்லீங்க.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன்டா, என் ரத்தம் பட்ட ஊசிய குத்திக்கிட்ட. என் எச்சில்தான் உனக்கு ஆவாதா?”

“அது வேறடா. அலசிட்டுத்தான போட்டோம்?”

“அலசினாப் போவாதுப்பா. நாளைக்கே ஒரு டெஸ்ட் எடுத்துரு” என்றேன்.

“எனக்கெதுக்குங்கண்ணா? கண்ணப் பாருங்க, வெள்ளையா இருக்குது. இவன் போன்ல சொன்னதுல இருந்து கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கறேன். பத்தியமும் இருக்கறேன். கறி, எண்ணெய் எதுவும் தொடறதில்ல.”

“ஊசி?”

“அதுக்குப் பத்தியம் சொல்லலீங்களே.”

தம்பிக்கு மாத்திரை முடிந்து, பிறகு எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை என்று தாள் வந்தது. அதைப் பார்த்தாவது பரிசோதனைக்குப் போவான் என்று படமெடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பினோம். “நானும் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல” என்று பதில் வந்தது. எங்கே, எந்தத் தேதியில் என்று கேட்டேன். கும்பிடும் கைப்படம் ஒன்று மட்டும் வந்தது. அவன் மொரப்பூரில் சேலத்துக்கு ரயிலேறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் போனானா என்று சொல்லத்தான் யாருமில்லை. அவன் இரத்தம் பரிசோதிக்கப்பட்டதா என்பது, இதை எழுதும் இன்று வரை, உறுதியாகவில்லை.