ஒன்பதாவது லெவலில் நிலம்

முருகையனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் கடை வைத்திருந்த என் அண்ணன் மூஸா, மிக்ஸி கேட்டால் விளையாட்டுச் சாமான் அனுப்புகிற ஆள். எண்பதுகளின் கடைசியில் ஒரு பெருநாளுக்கு அப்படி வந்ததுதான் அது. அட்டையில் நெருப்புக் கக்கும் பல்லி மாதிரி ஏதோ ஒன்று. உள்ளே இங்கிலீஷ் புத்தகமும் பல முகம் வைத்த பகடைகளும். பலகையும் இல்லை, காயும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அதைப் பரணில் எறிந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஜெக்கரியா எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது நாங்கள் பூதலூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஸ்டேஷனில் அவர் புக்கிங் கிளார்க். அந்த மனுஷருக்கு விதிமுறைப் புத்தகம் ஒன்று கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். முழுதும் படித்து முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை உட்கார வைத்தார். விளையாட்டு இதுதான்: ஒருவர் நடுவராக இருந்து காடு, குகை, பூதம் என்று கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிக்க ஜெயிக்க லெவல் ஏறும். எந்த லெவலில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது புத்தகத்தில் இருக்கிறது.

அவர் நடுவர். நான் மந்திரக்காரி. ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்த ரெத்தினம் திருடன். அந்த வேஷம் அவருக்குப் பொருந்தியதைப் பற்றி, அவர் போட்ட டீயைக் குடித்தவர்கள் சொல்வார்கள். நான்காவது ஆள் முருகையன், தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கீழத்தெருப் பையன், பிளஸ் டூ வரை படித்தவன். பேச்சு குறைவு. அவனுக்குப் போர்வீரன் வேஷம்.

போர்வீரனுக்கு என்னென்ன கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது லெவலில் அவன் ஆளில்லாத நிலத்தைத் தன் பேருக்கு எடுத்துக்கொள்ளலாம், கோட்டை கட்டலாம், குடிகள் தாமாக வந்து சேருவார்கள் என்றார். முருகையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ படிங்க பாய்."

படித்தார்.

"நெலத்த யாரு குடுப்பா?"

"யாரும் குடுக்க வேணாம்ப்பா. லெவல் வந்தா நெலம் வந்துரும். அதான் ரூல்."

"மனு எதுவும் போட வேணாமா?"

நானும் ரெத்தினமும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. தன் வீரனுக்கு வைரக்கண்ணு என்று பேர் வைத்தான். அது அவனுடைய அப்பா பேர் என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த அப்பா பண்ணையாள். எழுபதுகளில் நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்தபோது, பண்ணையில் உபரி என்று பிரித்த நிலத்தில் ஒரு துண்டை, ஜீப்பில் வந்த அதிகாரிகள் அவருக்குக் காட்டினார்கள். கல் நட்டார்கள். இது உன்னுது என்றார்கள். அன்று வரப்பில் ஏறி நின்ற மனுஷர் இருட்டும்வரை இறங்கவில்லையாம். அப்புறம் பண்ணையார் கோர்ட்டில் தடை வாங்கினார். நிலம் அறக்கட்டளை பேரில் இருக்கிறது, அதற்கு விலக்கு உண்டு என்றார்கள். போய்க் கேட்டால், சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது என்றார்கள். ஆட்சி மாறியது, ஆபீஸ் வாசலில் நிற்கிற கரைவேட்டிகளின் நிறம் மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள். வைரக்கண்ணு கடைசிவரை மனுவோடு நடந்து, நடந்தே செத்துப்போனார்.

இது தெரிந்த பிறகு முருகையன் விளையாடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெத்தினம் புதையல் என்றால் பாய்வார், நான் கண்ட இடத்தில் நெருப்பு வைப்பேன். முருகையன் மட்டும் அடி எடுத்து வைக்குமுன் பத்துத் தடவை யோசிப்பான். வீரன் செத்தால் மறுபடி முதல் லெவலிலிருந்து வர வேண்டுமே. தன் வேஷத்தை அவன் ஒருநாளும் அவன் இவன் என்று சொன்னதில்லை. "வைரக்கண்ணு முன்னால போக மாட்டாரு பாய், மொதல்ல கல்லு ஒண்ணு விட்டுப் பாப்பாரு" என்பான்.

ஒருதடவை இவர் ஆற்று வளைவில் நிற்கிற பூதத்தை வருணித்து எங்களைக் குலைநடுங்க வைத்துக்கொண்டிருந்தபோது, "அந்த ஆத்து வளைவுல மண்ணு எப்படி பாய்? களியா, மணலா?" என்று கேட்டான்.

இவர் திகைத்துப்போய், "படுகை மண்ணு" என்றார்.

"தண்ணி ஏறுமா?"

"ஏறும்ப்பா, ஏறும்."

அன்றிலிருந்து அந்த ஆற்று வளைவு அவனுடையதாகிவிட்டது. எங்கே வாய்க்கால் வெட்டுவது, எந்தப் பக்கம் நாற்றங்கால் போடுவது எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தான். கோட்டை வேண்டாம், களம் போதும் என்றான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு மத்தியானம் மட்டும் மாறவில்லை. சம்பளம்தான் வருகிறதே, நிஜமாகவே ஒரு துண்டு நிலம் வாங்கிப்போடேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"வாங்குறது வேற அக்கா. இது எங்கப்பாவுக்குச் சேர வேண்டியது."

மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காமல் குறுவை போன வருஷம் அது. ஊரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு நல்ல காரியம் நெருங்கிக்கொண்டிருந்தது. வைரக்கண்ணு எட்டாவது லெவலின் உச்சியில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு சண்டை ஜெயித்தால் ஒன்பது.

அந்த வாரம்தான் மூஸா அண்ணன் புதுப் பெட்டி அனுப்பினான். அதே விளையாட்டு, புதுப் பதிப்பு. எல்லா விதிகளையும் மாற்றி எழுதியிருந்தார்கள். இவர் ராத்திரி பகலாகப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒம்பதாவது லெவல்ல நெலம் இல்ல முருகையா. எடுத்துட்டான்."

"வேற எந்த லெவல்ல வச்சிருக்கான் பாய்?"

"எதுலயும் இல்லப்பா. அதுக்குப் பதிலா வீரனுக்கு அடிக்கிற பலம் கூடுது."

"அடிச்சு?" என்றான் முருகையன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழைய பொஸ்தகம் இருக்குல்ல? அதையே வச்சு ஆடுனா எவன் வந்து செக்கிங் பண்ணப்போறான்?" என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ரயில்வேக்காரர்கள். புது சர்க்குலர் வந்துவிட்டால் பழையது செல்லாது என்று ரத்தத்தில் ஊறிப்போனவர்கள். விளையாட்டுக்கும் அப்படித்தானா என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் பழைய புத்தகத்தை வைத்தே ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பல வருஷம் கழித்து என் மகள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எங்களிடம் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

"அது செல்லாதுக்கா. மாத்துனா மாத்துனதுதான்" என்றான் முருகையன், எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி.

இவருக்குத் தாங்கவில்லை. "முருகையா, நான் நடுவர்தானே? நான் குடுக்குறேன். அந்த ஆத்து வளைவ நீ எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கடைசி வார்த்தைதான் அவனைக் குத்தியிருக்க வேண்டும். பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு பண்ணையாரும் அவன் அப்பாவிடம் இதையேதான் சொன்னாராம். அந்த மூலையை நீ உழுதுக்க வைரக்கண்ணு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அப்பாவும் உழுதார். பண்ணையார் கண்ணை மூடியதும் மகன்கள் வந்து, யாரைக் கேட்டு உழுகிறாய் என்று, பயிர் நிற்கும்போதே வயலை விட்டு இறக்கிவிட்டார்கள்.

"நீங்க குடுத்தா அது உங்க நல்ல மனசு பாய். அது எனக்கு வேணாம். ரூல்ல இருந்துச்சுல்ல, அதான் வேணும்."

இவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெத்தினம் டீ கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், வெகுநேரம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தப் புத்தகத்தை எழுதினவனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவனுக்குப் பூதலூர் எங்கே தெரியும், வைரக்கண்ணுவை எங்கே தெரியும்.

முருகையன் வருவதை நிறுத்தவில்லை. அடுத்த மாதமே ஒன்பதாவது லெவலும் வந்தது, அடிக்கிற பலமும் கூடியது. முன்பு போல யோசித்து யோசித்து ஆடவில்லை. எந்தக் குகையென்றாலும் முன்னால் போய் நின்றான். அப்படியும் வீரனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வருஷங்கள் ஓடின. இவர் ரிட்டயர்டு ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பூதலூரிலேயே வீடு பிடித்தோம். வயல்வெளியில் எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று டெல்டா முழுக்க ஊர்வலம் நடந்துகொண்டிருந்த சமயம், மூஸா அண்ணன் மகன் இன்னொரு பதிப்பை அனுப்பினான். நான் பி.யூ.சி. படித்தவள். இந்தத் தடவை இவரிடம் கொடுக்காமல், அகராதியை வைத்துக்கொண்டு நானே தேடினேன். கடைசிப் பக்கங்களில் கண்டுபிடித்துவிட்டேன். நிலம் திரும்ப வந்திருந்தது!

ஞாயிற்றுக்கிழமை அவன் செருப்பைக் கழற்றுமுன்னே, "முருகையா, நெலம் வந்துருச்சுடா!" என்றேன்.

அவன் தலை நரைத்திருந்தது. முகம் மட்டும் பழைய பையன் முகமாகிவிட்டது. "படிங்க அக்கா. முழுசாப் படிங்க."

படித்தேன். போர்வீரனுக்கு நிலமும் குடிகளும் உண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். முழுசாகப் படி என்று கேட்டானே. அடுத்த வரியையும் படித்தேன். நடுவர் விரும்பினால்.

"அப்படியா போட்டிருக்கான்?"

"ஆமாம்ப்பா."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபம்கூட இல்லை. ரெத்தினம் பகடையை நகர்த்தி வைத்தார். இவருக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எப்படியாவது ஆட்டத்தைத் தொடங்கிவிட வேண்டுமே என்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"வைரக்கண்ணு இப்ப என்ன செய்றாரு முருகையா?"

"நிக்கிறாரு பாய்."

"எங்க?"

"வரப்புலதான்."