பால்கோவா மாஸ்டரின் இடது கால்

என் கணவர் ஒரு நாள் காலையில் டீக்குச் சீனி வேண்டாம் என்றார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வேறு வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பால்கோவா மாஸ்டர். டம்ளரின் அடியில் சீனி கரையாமல் கிடந்தால்தான் அது டீ என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்தவர். அந்த ஒரு டீக்குப் பின்னால் அவருடைய இடது கால் இருந்தது. அதை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று அவர் தனக்குள் தீர்மானமே செய்து வைத்திருந்தார். எனக்குத்தான் அது தெரியாது.

நான் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தறியிலிருந்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, இழை எங்கே அறுந்திருக்கிறது, எண்ணெய்க் கறை எங்கே பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குற்றம் பார்ப்பதற்கே சம்பளம். வருஷக்கணக்காக இதே வேலையாக இருந்துவிட்டால், பழுதில்லாத துணியைப் பார்த்தாலும் இதில் என்னமோ ஒளிந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். சாயங்காலம் வேனில் ஏறும்போது அந்தப் புத்தியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வர என்னால் முடிந்ததில்லை. எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

“திடீர்னு எதுக்குச் சீனி வேண்டாம்ங்கீய?” என்றேன்.

“சட்டி பக்கத்துலயே நிக்கோம்லா, இனிப்பே திகட்டுது.”

இத்தனை வருஷம் திகட்டாதது இந்த வாரம் எப்படித் திகட்டும்? நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். சும்மா இருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

அடுத்து கைலி. எங்கள் மம்சாபுரத்தில் ஆம்பளை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செய்கிற காரியம் கைலியை மடித்துக் கட்டுவதுதான். மதிக்க வேண்டிய ஆள் எதிரே வந்தால் மட்டும் இறக்கி விடுவார்கள். இவரோ வாசல் பெருக்கும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும், கணுக்கால் மறையக் கைலியை விட்டுக்கொண்டு நடந்தார். “யாரு வாரா, கலெக்டரா?” என்று கேலி செய்தேன். சிரித்தார். ஆனாலும் மடித்துக் கட்டவில்லை. குளித்து முடித்தவர் கதவைத் திறக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஆஸ்பத்திரி வாடை வந்தது. அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும், கம்பெனியில் துணிக்குப் போடுகிற மருந்து வாடையும் அதுதான். இருந்தாலும் அது என் சேலையிலிருந்து வருகிறதோ என்று என்னையே சந்தேகப்பட்டு முந்தானையை முகர்ந்து பார்த்தேன்.

குடியோ என்று நினைத்தேன். தூங்கும்போது பக்கத்தில் போய் மூச்சை மோந்து பார்த்தேன், இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாரோ என்று நினைத்தேன். ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடைக்கு எதிரே ஒரு பாத்திரக் கடையில் குடம் விலை கேட்பதுபோல நின்றுகொண்டேன்.

வேலையில்தான் இருந்தார். அடுப்புக்கு முன்னால் நின்று துடுப்பால் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இடது காலைத் தூக்கி வலது காலில் தேய்த்தார். பிறகு திடீரென்று துடுப்பைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. நான் ஓடலாமா என்று ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் பக்கத்து மாஸ்டர் சூடு ஆறிய பால்கோவாவில் ஒரு கை எடுத்து அவர் வாயில் வைத்தார். செத்த நேரத்தில் எழுந்து நின்று பழையபடி கிண்ட ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பதற்றம் போய்க் கோபம் வந்தது. வீட்டில் ஒரு துளிச் சீனி ஆகாது, இங்கே கை நிறையப் பால்கோவா. இந்த மனுசன் யாரை ஏமாற்றுகிறார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தபோது கைலியை விலக்கிப் பார்த்தேன். பார்த்த பிறகு, பார்த்திருக்க வேண்டாமோ என்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே எங்கள் கம்பெனித் துணியை முறுக்கிக் கயிறு மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தார். அதற்குக் கீழே கெண்டைக்காலில் ரத்தக்குழாய்கள் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில் அகலமாக ஒரு புண் ஈரமாக இருந்தது.

விழித்துக்கொண்டார். கைலியை இழுத்து மூடவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

“பாத்துட்டியா? சுகருட்டி. அண்ணனுக்கு வந்த அதே புண்ணு.”

அவருடைய அண்ணன் ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயில் கால் விரலில் புண் வந்து, ஆறாமல், காலையே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. இனிப்புச் சட்டியோடேயே வாழ்கிற மனிதனுக்கு ஆறாத புண் வந்தால் அது வேறு என்னவாக இருக்கும் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். கடையில் பக்கத்து மாஸ்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்காமல், டாக்டர் தனக்கு எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையில் தினம் ஒன்று இவருக்கும் கொடுத்து வந்திருக்கிறார். ஒரே வேலை, ஒரே சட்டி, ஒரே நோய் என்று கணக்கு. புண் தொடைக்கு ஏறாமல் இருக்கத்தான் அந்த முழங்கால் கட்டு.

“ரத்தம் குடுத்துப் பாத்தீயளா?” என்றேன்.

“பாத்தா காலை எடுக்கணும்னு சொல்லுவாவ.”

“அப்ப சுகருன்னு யாரு சொன்னா?”

“அதான் புண்ணு ஆறலையே. தலை கிறுகிறுன்னு வருது, வேர்க்குது.”

“அப்படி வரும்போது எதைத் தின்னா சரியாகுது?”

நான் எதிர்க் கடையில் நின்று பார்த்ததைச் சொன்னேன். பால்கோவா தின்றால் தெளிகிற சர்க்கரை நோய் எந்த ஊரில் இருக்கிறது? வேவு பார்த்ததற்கு அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நடுவயதுக்காரர். மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சுகர் இருக்கா இல்லையான்னே தெரியாம அடுத்தவங்க மாத்திரையைப் போட்டா மயக்கம் வராம என்ன வரும்? கொதிக்கிற சட்டியில விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டார். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அன்றைக்கும், பிறகு சில நாள் கழித்தும், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டுகிற சோதனையும் செய்தார்கள். எதிலும் சர்க்கரை இல்லை.

முதல் நாளே டாக்டர் அவரை நிற்க வைத்துக் காலைச் சுற்றிப் பார்த்தார். பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். முழங்கால் கட்டைக் காட்டி, “பாம்பா கடிச்சுது?” என்றார். டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டும். ஏறியது மறுபடி கீழே விழாமல் இருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைச் சதை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தள்ள ஆள் இல்லை. சில குடும்பங்களில் இது பிறவியிலேயே கொஞ்சம் இருக்கும். கதவு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கிக் குழாய் புடைக்கும், தோல் கறுக்கும், ஒரு சின்னக் கீறல்கூட ஆறாது. மேலே இறுக்கிக் கட்டினால் தேங்குவது இன்னும் கூடும். வெரிகோஸ் புண் என்று பெயர் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். விரலை வைத்துப் பார்த்துவிட்டு இத்தனையும் சொல்லிவிட முடியுமா? ஸ்கேன் எழுதினார், அது எதற்கு என்று கேட்டேன். ஸ்கேன் அறையில் திரையில் நீலமும் சிவப்பும் மாறி மாறி ஓடியது. “இது இவியளோட கால்தானா? முன்னால வந்தவங்களோடது இல்லையே?” என்று கேட்டேன். ஸ்கேன் எடுத்த பெண் அவருடைய கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கினாள். திரையில் நிறம் ஏறியது. விட்டாள், நிறம் மாறித் திரும்பி இறங்கியது. கதவு மூடவில்லை என்பதை அப்போதுதான் நம்பினேன்.

கட்டுப் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். இழுபடுகிற பேண்டேஜ், விரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கணுக்காலில் நல்ல பிடிப்பாக, மேலே போகப் போகத் தளர்வாக வர வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் பேண்டேஜ் அனுப்புகிற எங்களுக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. படுக்கும்போது காலடியில் தலையணை வைத்தோம். கடையில் அவரைக் கிண்டுகிற வேலையிலிருந்து பாக்கெட் போடுகிற வேலைக்கு மாற்றினார்கள். இடையிடையே எழுந்து நடந்துவிட்டு வருவார், உட்கார்ந்த இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். புண் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. தினமும் மேஜைக்கு முன்னால் காலைத் தொங்கப் போட்டு உட்காருகிற என் கெண்டைக்காலையும் நான் ரகசியமாகத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை, இருந்தாலும் நம்பவில்லை.

பழுதான குழாயை லேசரால் மூடிவிடலாம், இல்லாவிட்டால் புண் திரும்ப வரும் என்றார் டாக்டர். அங்கேதான் வண்டி நின்றது. எனக்குத் தெளிந்த நேரத்தில் அவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சர்க்கரை இல்லை என்பதே பொய், டாக்டரிடம் நான் சொல்லி வைத்துப் பேச வைக்கிறேன், லேசர் என்று கூட்டிப் போய்க் காலை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். ரிப்போர்ட்டைக் காட்டினேன். “காகிதத்துல என்ன வேணும்னாலும் அடிக்கலாம்” என்றார். அது நான் பேச வேண்டிய பேச்சு.

“நான் எதுக்கு உங்ககிட்ட பொய் சொல்லப் போறேன்?” என்று சத்தம் போட்டேன்.

ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார். “அண்ணன்கிட்ட நான் சொன்னேம்லா. ஒரு விரல்தான் எடுக்காவ, பயப்படாதீயன்னு. முழுக் காலும்னு எனக்குத் தெரியும். முழிச்சதும் கைய விட்டுத் தடவிப் பாத்தாரு. பொறவு என்னையப் பாத்தாரு. அதுக்கு அப்புறம் சாகுற வரைக்கும் என்கிட்ட பேசல.”

அண்ணன் இவரோடு பேசாமல் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நோயின் எரிச்சல் என்று நினைத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதரிடம் ‘என்னை நம்புங்கள்’ என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அப்போது புரிந்தது.

“நம்ப வேண்டாம்” என்றேன். “டாக்டரையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். தூங்காம முழிச்சுக்கிட்டே இருங்க. அப்ப யாரு ஏமாத்த முடியும்?”

டாக்டரிடம் கேட்டோம். காலில் மட்டும் மரத்துப் போக ஊசி போடுவோம், பேசிக்கொண்டே இருக்கலாம், முடிந்ததும் எழுந்து நடக்க வேண்டியதுதான் என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் சம்மதித்தார்.

அன்றைக்கு என்னை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன டிரே, வெளியே வந்த வாளி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தேன். ஒரு வாளியை நர்ஸ் மூடி எடுத்துக்கொண்டு போனபோது எழுந்து நின்றுவிட்டேன். டாக்டர் சொன்னதெல்லாம் பொய்யாக இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு பக்கம் பிடித்திருக்க, அவர் மெதுவாக நடந்து வந்தார். இடது காலில் விரல்களை விட்டு, தொடை வரைக்கும் கட்டு. என் பக்கத்தில் வந்ததும் நர்ஸ் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

“பச்சைத் துணியப் போட்டு மூடிட்டாவட்டி. ஒண்ணும் பாக்க முடியல. மரத்துக் கெடக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டும் இருக்கா?”

அந்த ரெண்டு காலிலும்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இருக்கு” என்றேன்.