ஓதிலியாவின் படகில் ஏறிய படிவங்கள்

காகெத்தா ஆற்றின் அந்தப் பகுதியில் பயணிகள் படகு ஓட்டிய ஒரே பெண்பிள்ளை ஓதிலியா முர்சியாதான். அவள் ஆசைப்பட்டு அந்தத் தொழிலுக்கு வரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கணவன் கில்தார்தோ ஒரு நீளப் படகும் மோட்டாரும் வாங்கினான். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் லேசாக ஆடினாலே அவனுக்குக் குடலைப் புரட்டும் என்று. முதல் நாள் ஏழு பயணிகளை ஏற்றிக்கொண்டு போனவன் பாதி வழியில் சுக்கானை விட்டுவிட்டுப் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக் கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓதிலியா சுக்கானைப் பிடித்தாள். அன்று பிடித்ததுதான், இருபத்திரண்டு வருஷமாக விடவில்லை. கில்தார்தோ அடுப்படிக்குப் போனான். அவர்கள் ஊரான புவேர்த்தோ லினாரெஸில் அவன் வைக்கிற மீன் சூப்புக்கு இணையே கிடையாது என்பதால் அந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை.

படகுக்குப் 'பிடிவாதக்காரி' என்று அவளே பெயர் எழுதினாள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கோழிகள், காய்ச்சல்காரர்கள், கல்யாணப் பெண்கள், எல்லாரையும் அது ஆற்றுக்கு மேலே இருக்கிற ஆறு குக்கிராமங்களுக்கும் கீழே இருக்கிற நகராட்சிக்கும் இடையில் ஏற்றி இறக்கியது. ஆனால் மாலை ஆறு மணியோடு சரி. அதற்குமேல் ஆற்றில் எது அசைந்தாலும் சுடுவோம் என்று கீழே முகாம் போட்டிருந்த ராணுவம் சொல்லியிருந்தது. மேலே காட்டுக்குள் இருந்த கிளர்ச்சிக்காரர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் 'பையன்கள்' என்றுதான் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள், பலருக்குத் தலை நரைத்துவிட்டது, இருந்தாலும் பையன்கள்தான்.

அரசாங்கமும் பையன்களின் தலைவர்களும் கியூபாவில் ஒரே மேசையில் உட்கார்ந்து சமாதானம் பேசுகிறார்கள் என்பதை ஓதிலியா ரேடியோவில் கேட்டிருந்தாள். 'நல்லது, பேசட்டும்' என்று நினைத்துக்கொண்டதோடு சரி. அந்த மேசைக்கும் தனக்கும் ஏதாவது ஒட்டுறவு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை படகு உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு காகிதக் கட்டை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஓதிலியா குனிந்து மேல் தாளைப் படித்தாள்.

"என்னம்மா இது?" என்று குமாஸ்தாப் பெண்ணிடம் கேட்டாள்.

"அதுவா? சமாதானப் பேச்சுக்கு மக்கள்கிட்ட கருத்துக் கேக்குறாங்க. யாரு வேணா எழுதிப் போடலாம். ஸ்டாம்பு கூட ஒட்ட வேண்டாம், நேரா மேசைக்கே போயிடும்."

"எத்தன பேரு எழுதியிருக்காங்க?"

"இங்கயா? யாருமே வந்து கேக்கல."

"மேலாத்துல இருக்கிற சனங்களுக்கு இது தெரியுமா?"

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கோமே!"

"ஒன்றரை நாள் படகுல வந்து ஒங்க நோட்டீஸ் போர்டப் பாத்துட்டுப் போகணுமாக்கும்! எடு அந்தக் கட்ட."

"ஜன்னலுக்கு?"

"ஜன்னலுக்கு ஒரு செங்கல்லு வையி தாயி."

அப்படித்தான் இருநூறு படிவங்கள் 'பிடிவாதக்காரி'யில் ஏறின. வீட்டில் கில்தார்தோ மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கட்டைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"ராணுவம் கேக்கும், இது என்னன்னு. பையன்களும் கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன், கிழவா."

"உள்ளதச் சொல்லி இந்த ஆத்துல யாரு உருப்பட்டிருக்காங்க?"

"யாரும் சொல்லிப் பாக்கலியே இன்னும்."

கில்தார்தோ எழுந்துபோய், மழையில் நனையாமல் இருக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து, படிவங்களை அதில் போட்டு மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலை ராணுவச் சாவடியில் சார்ஜென்ட் பெனாவிதெஸ் படகைச் சோதித்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்கக் கூடாது என்று யாரோ கட்டளை போட்டதுபோல முகத்தை வைத்திருக்கிற மனுஷர். அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தார், சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், பையை அவிழ்த்தார். படிவத்தை எடுத்துத் தொடக்கத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்றபடியே படித்தார்.

"தோன்யா ஓதிலியா, இத யாரு வேணா எழுதலாமா?" தோன்யா என்பது அங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது, ஆண்களுக்குத் தோன்.

"யாரு வேணா எழுதலாம், சார்ஜென்ட்."

குரலைத் தாழ்த்தினார். "யூனிஃபாரம் போட்டவங்க?"

"யூனிஃபாரம் போடக்கூடாதுன்னு எங்கயும் எழுதலியே. பேனா வேணுமா?"

அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனார். இருபது நிமிஷம் கழித்து அதை நாலாக மடித்து ஒட்டிக் கொண்டுவந்து பைக்குள் அடியில் செருகினார். "படகு போகலாம்!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். அவர் என்ன எழுதினார் என்று ஓதிலியாவுக்கு இன்றைக்குவரை தெரியாது.

அடுத்த பத்து நாளும் அவளுக்குத் திருவிழாதான். ஒவ்வொரு கரையிலும் படகு நின்றதும் சனம் கூடியது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் சொல்ல ஓதிலியா எழுதினாள். கோகோ தோட்டக்காரர் எவெலியோ தொப்பியைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுக்க உட்காருவதுபோல விறைப்பாக உட்கார்ந்தார்.

"மொதல்ல எம் பேர எழுது. பெருசா எழுது."

"எழுதியாச்சு."

"எங்க, காட்டு? இன்னும் கொஞ்சம் பெருசா. ம். இப்ப எழுது: பள்ளிக்கூடத்துக்குப் போற பாதையில மண்ணுக்குள்ள பொதச்சு வச்ச வெடியெல்லாம் பொதச்சவனே வந்து எடுக்கணும். எடுக்கும்போது எங்க பிள்ளைங்க தூரமா நின்னு பாக்கணும்."

"அவ்வளவுதானா, தோன் எவெலியோ?"

"பதினஞ்சு வரி இருக்கே? மிச்ச எடத்துல அவங்களுக்கு வணக்கம் சொல்லிடு. கோகோ வேணும்னா இந்தப் பக்கம் வரச் சொல்லு."

பெண்கள் எழுதியபோது இடம் பத்தவில்லை. ஓரத்தில் எழுதினார்கள், பின்பக்கம் எழுதினார்கள், ஒருத்தி தன் பக்கத்து வீட்டுக்காரியின் படிவத்தில் மிச்சமிருந்த நாலு வரியைக் கேட்டு வாங்கி எழுதினாள். லுஸ் தாரி என்ற பெண் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதினாள். அந்தப் பிள்ளை பிறந்தது 'பிடிவாதக்காரி'யில்தான். முந்தின வருஷம் வலி கண்டவளை ஏற்றிக்கொண்டு வரும்போது மணி ஆறாகிவிட்டது. ஓதிலியா மோட்டாரை நிறுத்திப் படகைக் கரையோரக் கிளையில் கட்டிவிட்டு, ஒரு போர்வையை மறைவாகப் பிடித்துப் பிரசவம் பார்த்தாள். ஆஸ்பத்திரி விளக்கு தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிந்துகொண்டே இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் நல்ல நேரம். இப்போது அந்தப் பிள்ளை படிவத்தின் மூலையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"அத எடுக்காத. அவளும் ஏதோ சொல்றா, போய்ச் சேரட்டும்" என்றாள் ஓதிலியா.

கடைசிக் கிராமத்தின் எல்லையில் பையன்களின் காவல். அங்கே யெசெனியா என்கிறவள் பொறுப்பில் இருந்தாள். தோளில் துப்பாக்கி, பின்னிய ஜடை, முப்பது வயதைத் தாண்டிய முகம். அவள் படிவத்தைப் பார்த்ததும் புருவத்தைச் சுளித்தாள்.

"யாரு குடுத்தது?"

"நகராட்சி."

"அப்ப அரசாங்கத்துக்கு வேல பாக்க ஆரம்பிச்சிட்டீங்க."

"அடியில பாரு மகளே. ரெண்டு பேரு பேரும் போட்டிருக்கு. ஒங்க தலைவருங்களும் சேந்துதான் கேக்குறாங்க. ஒனக்குச் சொல்லலியா?"

யெசெனியா வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு இடையில் போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓதிலியா படகில் உட்கார்ந்து கில்தார்தோ கட்டிக் கொடுத்த வாழைக்காயையும் வறுத்த மீனையும் தின்று முடித்தாள். யெசெனியா திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"கொண்டு போகலாமாம். ஆனா என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்துட்டு அனுப்பணுமாம்."

"எல்லாத்தையும் ஒட்டியாச்சு."

"பிரிக்கலாம்."

"அடுத்தவங்க கடுதாசியப் பிரிச்சுப் படிக்கிறவளாவா ஒங்கம்மா ஒன்ன வளத்தா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். யெசெனியா அவர்களை முறைத்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போங்க, தோன்யா" என்றாள். படகு கிளம்பப் போகும்போது கரையோரமாக நாலு எட்டு வைத்து நடந்து வந்தாள். "மிச்சம் இருந்தா எனக்கு ஒண்ணு குடுங்க."

அவளும் எழுதினாள், துப்பாக்கியைத் தொடையில் கிடத்தி அதையே எழுதுபலகையாக வைத்துக்கொண்டு. முகவரி என்று கேட்ட இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஆறு' என்று மட்டும் போட்டாள்.

நூற்று எண்பத்து மூன்று படிவங்கள் தபாலில் போயின. மூன்று மாதம் கழித்து மாவட்டத் தலைநகர் ஃப்ளோரென்சியாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சமாதானப் பேச்சுக்காக அங்கே மக்கள் கூட்டம் ஒன்று நடத்தப் போகிறார்களாம். மாவட்டத்திலேயே ஒரே இடத்திலிருந்து அவ்வளவு படிவம் வந்தது இவர்கள் கரையிலிருந்துதானாம். "அதுவும் அந்தக் கட்டப் பிரிச்சதும் ரூம் முழுக்க மீன் வாசன" என்று அவள் சொல்ல, "கெளுத்தி" என்று ஓதிலியா திருத்தினாள். கூட்டத்தில் பேச அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள்.

அந்த மூன்று நிமிஷத்துக்காக ஓதிலியா இரண்டு வாரம் தூங்கவில்லை. கில்தார்தோவை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பழகினாள். அவன் கரண்டியைக் கடிகாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "நேரமாச்சு, எறங்கு!" என்று மிரட்டுவான். கூட்ட மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள்: மாட்டுக்காரர்கள், ஆசிரியர்கள், பழங்குடித் தலைவர்கள், காணாமல்போன கணவனைத் தேடுகிற பெண்கள். மேடையில் ஒரு பெண், நேரம் முடியப்போகிறது என்று காட்ட மஞ்சள் அட்டையும் முடிந்துவிட்டது என்று காட்டச் சிவப்பு அட்டையும் வைத்திருந்தாள். ஓதிலியா ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றதும் காகிதத்தில் எழுதி வைத்திருந்த எழுத்தெல்லாம் கொசு மாதிரிப் பறந்தன. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் படகு ஓட்டுறவ" என்று ஆரம்பித்தாள். "எங்க ஊர்ல ஆறு மணிக்கு மேல ஆறு கெடையாது. போனா ராணுவமும் சுடும், பையன்களும் சுடுவாங்க. அம்பது வருஷமா எதுலயுமே ஒத்துப்போகாத ரெண்டு பேரு, இந்த ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துப்போயிருக்கீங்க. அதுக்கு மேசையும் போடல, கியூபாவுக்கும் போகல! 'யாரும் போகாதீங்க'ன்னு சொல்றதுல ஒத்துப்போக முடிஞ்சா, 'போய்ட்டு வாங்க'ன்னு சொல்றதுல ஒத்துப்போக என்ன நோவு?"

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது, கைதட்டலாக மாறியது. மஞ்சள் அட்டை எழுந்தது. அவள் லுஸ் தாரியின் பிரசவத்தைச் சொன்னாள். சிவப்பு அட்டை எழுந்தது.

"கொஞ்சம் பொறும்மா, பிள்ள இன்னும் பொறக்கல" என்றாள் ஓதிலியா. அட்டை தானாகக் கீழே இறங்கியது.

கூட்டத்தின் அறிக்கை தலையணை கனத்துக்கு வந்தது. அதில் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் 'ஆற்றுப் போக்குவரத்துக்கு நேரத் தடை கூடாது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அவள் பெயர்கூட இல்லை. கில்தார்தோவுக்குக் கோபம். ஓதிலியாவுக்கு அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் அலுக்கவில்லை. "பேரு எதுக்குடா கிழவா? ஆறு இருக்கே அதுல" என்றாள்.

பதினோரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது கில்தார்தோ கையில் கரண்டியோடு துறைக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் சூப்பு.

"ரேடியோ... ரேடியோவுல சொல்லிட்டாங்க! ரெண்டு தரப்பும்! சனங்க படக எந்த நேரமும் மறிக்கக் கூடாதாம்! இன்னையிலருந்து!"

"சரியாக் கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன். அடுப்புல சூப்பு தீஞ்சுபோச்சு, அவ்வளவு சரியாக் கேட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் கில்தார்தோ ஒரு சூப்பைத் தீய விட்டது அதுதான் முதல் தடவை. ஓதிலியா எண்ணெய்க் கையோடு அவன் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். துறையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அன்று மாலை ஆறே காலுக்கு முப்பது பேர் துறையில் வந்து நின்றார்கள். பாதிப் பேர் குளித்து முழுகிக் கோயிலுக்குப் போகிற சட்டை போட்டிருந்தார்கள்.

"எங்கப்பா போகணும் எல்லாருக்கும்?"

"எங்கயும் இல்ல, ஓதிலியா. சும்மா ஆத்துல இருக்கணும்."

படகு கொள்ளுமட்டும் ஏற்றினாள். மற்றவர்களை அடுத்த நடைக்கு வரச் சொன்னாள். மோட்டார் கிளம்பியதும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வானம் செம்மஞ்சளாக இருந்தது, தண்ணீரும் அப்படியே. அந்த நேரத்து ஆற்றை அதன் நடுவிலிருந்து அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. சாவடி நெருங்கியபோது அவள் வேகத்தைக் குறைத்தாள். மேட்டில் ஒரு சிப்பாய் எழுந்து நின்றான். பிறகு கையை உயர்த்தி ஆட்டினான். படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையாட்டியதில் 'பிடிவாதக்காரி' ஒரு பக்கம் சாய்ந்தது. "உக்காருங்கடா, இன்னைக்குப் பாத்து முங்கடிச்சிராதீங்க!" என்று ஓதிலியா போட்ட சத்தத்தில்தான் எல்லாருக்கும் வாய் திறந்தது. அப்புறம் மூடவே இல்லை.

இவ்வளவுக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மற்றப் படிவங்களில் கேட்ட பல விஷயங்கள் இன்னும் வந்தபாடில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஓதிலியா நகராட்சி அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவள் படிக்கட்டு ஏறுகிற சத்தம் கேட்டாலே குமாஸ்தாப் பெண் படிவக் கோப்பை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறாள். கவுன்சிலர் தேர்தலில் நிற்கச் சொல்லி இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். "நான் நின்னா படக யாரு ஓட்டுறது?" என்று சொல்லி, ஆளுக்கொரு கிண்ணம் சூப்புக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமைகளில் இப்போது சாயங்கால நடை உண்டு. மேலாற்றுக் கிராமங்களில் ஏதாவது ஒன்றில் கண்டிப்பாக ஆட்டம் நடக்கும். அக்கார்டியன்காரன் படகின் மூக்கில் உட்கார்ந்து வழி நெடுக வாசித்துக்கொண்டே வருவான். கரையில் இருக்கிற வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து, "எங்களுக்கும் எடம் இருக்கா?" என்று கத்துவார்கள். ஓதிலியா வேகத்தைக் குறைத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்புவாள்.

"நெருங்கி உக்காருங்க! செருப்ப ஈரம் பண்ணாம ஏறுங்க, ஆடணும்ல!"