வில்ஃபின் கண்ணாடி கிடந்த சரிவு

எனிட் ஸ்டிக்லண்டின் கணவர் வில்ஃப், நவம்பர் மாதப் பிற்பகல் ஒன்றில் புதர்வெளியின் குறுக்கே வீட்டுக்குப் புறப்பட்டார். வந்து சேரவில்லை. அன்று மூடுபனி. போலீசும் நாய்களும் களிமண் குவாரி ஆட்களும் நாள்கணக்கில் தேடினார்கள். சேற்றுக்குழிகளில் கழி விட்டுத் துழாவினார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

நானும் எனிடும் கூட்டாக ஒரு பார்லர் நடத்திவந்தோம். ஞாயிறுதோறும் அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு புதர்வெளிக்குப் போய்விடுவாள். வில்ஃபைத் தேடித்தான் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வருடக்கணக்கில் தரையையே பார்த்து நடக்கிறவளுக்குத் தரை வேறு எதையெதையோ காட்டத் தொடங்கியது. திங்கட்கிழமை சீப்பும் கையுமாக நின்று கதை சொல்வாள்.

"நேத்து ஒரு பாம்பு என் பூட்ஸ் மேல ஏறிப் படுத்து வெயில் காஞ்சுது."

"கத்தரிக்கோலக் கீழ வெச்சுட்டுச் சொல்லு கண்ணு, எனக்கு இருக்கறது ரெண்டே காது" என்பாள் தபால்காரரின் மனைவி.

ஒரு மே மாதம், ஹெதர் புதர்ச்செடிகளுக்கு நடுவே சிவப்புச் சிலந்தி ஒன்று ஓடுவதை எனிட் பார்த்தாள். முதுகில் கறுப்புப் புள்ளிகள். மாத்திரை டப்பாவில் பிடித்து அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனாள். அங்கிருந்த மனிதர் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். இந்த நாட்டில் அற்றுப்போய்விட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த இனம் அது. ஆண்தான் சிவப்பு, வசந்தத்தில் கொஞ்ச நாள் மட்டும் வெளியே அலையும். பெண் கறுப்பு, மண்ணுக்குள் பட்டுக் குழாய் நெய்து வருடக்கணக்கில் அதிலேயே கிடக்கும் என்று அவர் சொன்னார். இடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

குழாய்களை எனிட்தான் கண்டுபிடித்தாள். எல்லாம் தெற்கு பார்த்த ஒரே மணற்சரிவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே பாசி ஒட்டிய சின்னப் பட்டுக் கூரை. ஒரு கூரை மட்டும் மண்ணிலிருந்து நீட்டிய கம்பி ஒன்றோடு சேர்த்து நெய்யப்பட்டிருந்தது. குனிந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியில் காதுக்கு மாட்டும் பகுதி. உடைந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. வில்ஃபுக்காக அதைச் சுற்றியவள் அவளேதான்.

"ஐவி, கதவச் சாத்து" என்று சொல்லிவிட்டு என்னிடம் இதைச் சொன்னாள்.

"போலீஸுக்குச் சொல்ல வேணாமா?"

"சொன்னா மண்வெட்டியோட வருவாங்க. சரிவையே புரட்டிப் போட்டுடுவாங்க. இந்த நாட்டுலயே அதுங்களுக்கு அந்த ஒரு இடந்தான்."

"வில்ஃபுக்கு?"

கொஞ்ச நேரம் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அவருக்கும் அதே இடந்தான் போலிருக்கு."

வில்ஃபின் அண்ணன் ஜெத்ரோவிடம் மட்டும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆகஸ்டில் மூவரும் போனோம். ஹெதர் பூத்து வெளி முழுவதும் ஊதாவாகக் கிடந்தது. பட்டப்பகல், ஆனால் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மணலில் எங்கள் காலடி ஓசையும் கேட்கவில்லை. நாங்கள் நடக்கிறோமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

எனிட் காட்டினாள். ஜெத்ரோ மண்டியிட்டார். அவள் தடுப்பதற்குள் கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டார். கூரை மூடிபோல் தூக்கிக்கொண்டது. உள்ளே கறுப்பு வெல்வெட் துணி போல ஒரு சிலந்தி. அதன் மேல் ஏதோ கொதிப்பதுபோல இருந்தது. குஞ்சுகள். பெரியது அசையவே இல்லை.

"என்ன பண்ணுதுங்க?" என்றார்.

"அம்மாவத் தின்னுதுங்க. அதுக்குத்தான் அவ வெளிய வராம இருந்தா."

அவர் கையை எடுத்ததும் கூரை பழையபடி படிந்துகொண்டது. ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்து மணலில் உள்ளங்கையைப் பதித்தபடி அப்படியே இருந்தார்.

"சூடா இருக்கு."

"வெயில் விழற சரிவு" என்றாள் எனிட்.

"வெயில் சூடில்ல. கைய வெச்சுப் பாரு. மனுஷன் உடம்பு மாதிரி இருக்கு."

எனிட் கையை வைத்தாள். நான் வைக்கவில்லை. அவர்கள் இருவரும் எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்திருந்தார்கள். எனக்குக் கேட்டதெல்லாம், எங்கோ புதரடியில் பூச்சி ஒன்று விட்டுவிட்டு நறநறத்தது மட்டும்தான். திரும்பும் வழியில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெத்ரோ தோளில் மண்வெட்டியோடு சரிவுக்கு வந்தார். எனிட் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். நான் மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேர்ந்தேன்.

"நகரு எனிட்."

"தோண்ட விடமாட்டேன் ஜெத்ரோ. அவர் உங்க தம்பிதான், நான் இல்லேங்கல."

"யாரு இப்போ தோண்ட வந்தா? மேல பாரு, பைன் கன்னு எப்பிடி மொளச்சு வருது. நெழல் விழுந்தா இதுங்க குளிர்ல செத்துடும்னு மியூசியத்துக்காரர் சொன்னாருன்னு நீதானே சொன்ன?"

அவள் நகர்ந்து வழிவிட்டாள். அன்று சாயங்காலம்வரை அவர் பைன் கன்றுகளை வேரோடு கெல்லி எறிந்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்த பைன் தோப்பை அந்தச் சரிவுவரை நீட்டத் திட்டம் வந்தபோது அருங்காட்சியகத்துக்காரர் கூட்டத்தில் எழுந்து பேசினார். சிலந்திக்காக அந்த நிலத்துக்கு வேலி போட்டுக் காவலும் கொடுத்தார்கள். வில்ஃபைப் பற்றி நாங்கள் மூவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு குளிர்காலத்தில் எனிட் நிமோனியாவில் போய்விட்டாள். பாதிரியார் எவ்வளவோ சொல்லியும், வில்ஃபுக்கு நினைவுக்கல் வைக்க அவள் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

இப்போது ஜெத்ரோவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. பைன் அறுக்கும் ரம்பத்தை நான்தான் பிடிக்கிறேன். போன மே மாதம், வேலிக்கு வெளியே, இதுவரை ஒரு குழாய்கூட இல்லாத அடுத்த மேட்டில் வேலை செய்துகொண்டிருந்தோம். என் கையுறை மேல் சிவப்பாக ஏதோ ஏறியது. முதுகில் கறுப்புப் புள்ளிகள்.

"ஜெத்ரோ."

ரொட்டியை மென்றபடி வந்து எட்டிப் பார்த்தார். "அசையாத ஐவி. வீட்டுக்காரி இங்கயும் இருக்கா போல, தேடிப் போறான்."

அது இறங்கிப் போகும்வரை இருவரும் நின்றோம்.