சுவத்துப்பூ கத்த மாட்டாள்

ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துத் தேய்க்கிற சலவை ஆலையில் அவளுக்குப் பேர் சுவத்துப்பூ. வைத்தவர் மேனேஜர். சுவரிடுக்கில் முளைக்கிற ஒரு பூவுக்கு இங்கிலீஷில் வால்ஃபிளவர் என்று பேராம். நாலு பேர் ஆடிப்பாடும் இடத்தில் கூச்சப்பட்டுச் சுவரோரம் ஒதுங்குகிறவர்களையும் அப்படித்தான் சொல்வார்களாம். பூவாம், சுவராம்! வாயில்லாப்பூச்சி என்று நேராகவே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் சுவரோரம் நின்றது வாஸ்தவம்தான். போர்வை மடிக்கிற மேசை அங்கேதான் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் தேய்ப்பு உருளைகள் அத்தனையும் கண்ணில் படும். உருளைகள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேச்சே காதில் விழாது. அதனால் அவள் கையைத் தூக்கினால் உருளைக்குப் போர்வை கொடுக்கிற பெண்கள் ஈரப்போர்வையை நிறுத்துவார்கள், இறக்கினால் உள்ளே விடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

அவர்களை மேய்த்துக்கொண்டிருந்த இன்சார்ஜ் அக்கா வேலையை விட்டுப் போனதும் அந்த இடம் தனக்குத்தான் என்று மனசார நம்பினாள். ஆசை என்றால் அப்படியொரு ஆசை. மேனேஜரோ இன்சார்ஜுக்குக் குரல் வேண்டும் என்று சொல்லி, ஊரையே கூட்டுகிற தொண்டைக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார். விட்டுத்தள்ளு என்றான் புருஷன். அவள் விடவில்லை. அழுது தீர்த்தபின் கோபம்தான் மிச்சமிருந்தது.

மறுநாள் புது இன்சார்ஜ் கத்தினான். வாய் அசைந்தது, அவ்வளவுதான். எல்லோரும் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். அவள் கையைத் தூக்கவுமில்லை, இறக்கவுமில்லை, தன் பாட்டுக்குக் குனிந்து மடித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் மடிக்கத்தானே கொடுக்கிறார்கள்! உருளைகள் வெறுமனே சுற்றின. ஈரப்போர்வை வண்டிவண்டியாகத் தேங்கியது.

மேனேஜர் ஓடிவந்து, வாசலில் நின்றே என்ன ஆச்சு என்று அவளைக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். மறுபடி சொன்னாள், குரலை இம்மிகூட உயர்த்தாமல். வேறு வழியில்லாமல் மனுஷன் தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து, சட்டையெல்லாம் நனைய, சுவரோரம் வந்து காதைக் கொடுத்தார்.

"இன்சார்ஜ் வேலை எனக்கு வேணும் சார். ஆனா கத்த மாட்டேன். சரின்னா எல்லாருக்கும் தெரியற மாதிரி இப்பவே சொல்லுங்க."

மேனேஜர் தேங்கிய வண்டிகளைப் பார்த்தார். சரி என்றார். பிறகு திரும்பி நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். ஒருத்தி காதிலும் விழவில்லை. அவள் உதவிக்கு வரவில்லை, காத்திருந்தாள்.

கடைசியில் அவரே அவளைச் சுட்டிக் கையைத் தூக்கினார். அது எல்லோருக்கும் விளங்கியது.